விழாமல் முளைத்த பல்

“ஒரு வருசத்துக்கு மேலை பாக்கிறன் மிஸி. அந்தப் பல்லு இன்னும் முளைக்கேல்லை.”

அதைச் சொன்ன தாய் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். மாரி மழை இன்னும் பெய்யவில்லை என்று சொல்பவரைப் போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்தில் அவருடைய மூத்த மகள் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். ஒன்பது வயது. கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாயில் ஒரு வெளி இருந்தது. அந்த வெளியை உண்டாக்கியவள் நான்.

தீவுகளில் எல்லாருக்கும் நான் பல்லு மிஸி. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்று அரசாங்கம் பயிற்சி கொடுத்த பெண்களில் ஒருத்தி. பிள்ளைகளின் பல்லை அடைக்கலாம், பிடுங்கலாம், துப்புரவு செய்யலாம். வளர்ந்தவர்களின் வாய்க்குள் மட்டும் கை வைக்கக்கூடாது. தெற்கில் படித்து அங்கேயே வேலை பார்த்தேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, ஒரே ஒரு பெட்டியோடு கப்பலில் வடக்கே வந்து இறங்கினேன். அடுத்த வருடம் ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மூலை அறையைத் தந்து, பல் வைத்தியத்துக்கான இரும்புக் கதிரை ஒன்றையும் தந்தார்கள். கதிரையை நிலத்தோடு நான்கு ஆணி அடித்துப் பூட்டியிருந்தார்கள். களவு போகாமல் இருக்கவாம். அதைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய கள்ளன் தீவுப்பகுதியில் இருந்தால் அவனுக்கு நானே மாலை போட்டிருப்பேன்.

கதிரை அசையாதபடியால் பிள்ளைகள்தான் வரவேண்டும். பெரிய தீவுப் பிள்ளைகள் நடந்து வந்தார்கள், பஸ்ஸில் வந்தார்கள். சின்னத்தீவுப் பிள்ளைகள் வள்ளத்தில் வரவேண்டும். இந்தத் தாய் அப்படி வந்தவர். எந்தத் தீவு என்று சொல்ல மாட்டேன். இதில் வரும் ஒருவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், எனக்கும் வயதாகிவிட்டது. அந்தத் தாய் புகையிலைத் தோட்டத்தில் கூலிக்குத் தண்ணீர் இறைப்பார், மாரியில் பனையோலையில் கடகப்பெட்டி இழைப்பார். கணவன் தெற்கில் ஒரு கடையில் நின்றவர். அந்த ஆடியோடு அவருடைய கடிதம் நின்றுபோயிற்று. காலையில் ஒரு வள்ளம், பின்னேரம் ஒரு வள்ளம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தால் அன்று தோட்டமும் இல்லை, கூலியும் இல்லை.

முதல் வருடம் மூத்தவளை வீங்கிய கன்னத்தோடு கொண்டுவந்தபோது நான் சொன்னேன், “பல்லைக் காப்பாத்தலாம். மூண்டு தரம் வரவேணும்.”

“மூண்டு தரம் ஏலாது மிஸி. புடுங்கி விடுங்கோ. விழுந்து முளைக்கிற பல்லுத்தானே.”

“இது நிரந்தரப் பல்லு” என்றேன்.

அவர் தலையாட்டினார். வெளியே வாங்குப் பலகையில் இருபது பிள்ளைகள் இருந்தார்கள், பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அந்தத் தலையாட்டலை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பிடுங்கினேன். இப்போது ஒரு வருடம் கழித்து வந்து, பல் எங்கே என்று கேட்கிறார்.

“நான் சொன்னனான்தானே அக்கா, அது நிரந்தரப் பல்லெண்டு.”

“ஓம், சொன்னனீங்கள். நிரந்தரம் எண்டால் எப்பவும் இருக்கும், திரும்பத் திரும்ப வரும் எண்டுதானே? அதை நம்பித்தானே புடுங்க விட்டனான்.”

எனக்கு அந்த இடத்தில் நிலம் பிளந்திருக்கலாம் போல் இருந்தது. நிரந்தரப் பல். படித்த காலத்தில் சோதனைத்தாளில் எழுதி முழுப் புள்ளி வாங்கிய சொல். அதை ஒரு தாயின் முன்னால் வைத்துவிட்டு, என் கடமை முடிந்தது என்று பல்லுப் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்திருக்கிறேன். அவர் பிழையாக விளங்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் விளங்கும். பிழை முழுக்க என்னுடையது, இன்றைக்கும் அதை யாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்க மாட்டேன்.

அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு இளையவள் நின்றாள். ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. அவளைத் தூக்கிக் கதிரையில் இருத்தி, தாயைக் கிட்ட வரச்சொன்னேன். அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து மகளின் வாய்க்குள் வைத்து, பால்ப்பற்களுக்கெல்லாம் பின்னால் முரசை, அந்த ஈறுச் சதையை, தடவச் செய்தேன். முரசைக் கிழித்துக்கொண்டு ஏதோ ஒன்று தலை நீட்டியிருந்தது.

“அம்பிடுதே?”

“ஓம். முள்ளு மாதிரிக் கிடக்கு.”

“அது கடைவாய்ப்பல்லு. இந்த இடத்திலை முந்தி ஒரு பல்லும் இருக்கேல்லை. ஒண்டும் விழாமல், சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலை வருது. மேலை ரெண்டு, கீழை ரெண்டு. இவள் கிழவியாகும் வரைக்கும் இதாலைதான் சாப்பிடவேணும். இது போனால் போனதுதான். மூத்தவளுக்கு நான் புடுங்கினது இதைத்தான்.”

விரலை மகளின் வாயிலிருந்து எடுத்துச் சேலையில் துடைத்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. வந்ததே எனக்கு நிம்மதியாக இருந்தது.

“விழாமல் முளைச்ச பல்லெண்டால் பால்ப்பல்லு எண்டுதான் நாங்கள் நினைப்பம். விழாமல் முளைக்கிற பல்லுக்குத்தானே கொழுக்கட்டை கொட்டுறது. இதுவும் விழாமல்தான் முளைக்குதெண்டால், ஏன் இதுக்கு ஒருத்தரும் கொழுக்கட்டை கொட்டேல்லை? கொட்டியிருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்கும். புடுங்க விட்டிருப்பனே?”

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குழந்தைக்கு முதல் பல் எட்டிப் பார்த்தால் பல்லுக்கொழுக்கட்டை. அரிசிமாவில் கொழுக்கட்டை பிடித்து, விளிம்பைப் பல்லுப் பல்லாக மடித்து, தேங்காய்ச் சொட்டைச் சின்னதாகக் கீறி வரிசையாகக் குத்தி அவிப்பார்கள். குழந்தையை இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, கொழுக்கட்டையை அதன் மேல் கொட்டுவார்கள். முன்னால் ஏடு, பேனை, காப்பு எல்லாம் பரப்பியிருக்கும், குழந்தை எதை எடுக்கிறது என்று பார்த்துச் சனம் ஆரவாரம் செய்யும். ஒன்றுமில்லாத வீட்டிலும் ஒரு சுண்டு மாவுக்கு வழி பார்த்துவிடுவார்கள். முதல் பல்லுக்கு அவ்வளவு வரவேற்பு. ஆறு வயதில் வாழ்நாள் முழுக்கத் துணைக்கு வரும் பல்லுக்கு ஒரு வரவேற்பும் இல்லை. அது பின்கதவால் வந்து, மூன்றாம் வருடம் சூத்தையாகி, நான்காம் வருடம் என் குறட்டில் முடியும். அந்தத் தாய் ஒரு நிமிடத்தில் சொன்ன காரணம் என் பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

“சின்னவளின்ரை நாலு பல்லுக்கும் என்ன செய்யவேணும்?” என்று கேட்டார்.

“முழுக்க வெளியிலை வந்த உடனை ஒருக்கால் பாக்கவேணும். பிறகு மூண்டு மாசத்துக்கு ஒருக்கால். குழி விழத் தொடங்கினால் அண்டைக்கே அடைச்சுப்போடவேணும். ரெண்டு மூண்டு வருசத்துக்கு விடாமல் பாத்தால் நாலும் தப்பும்.”

“என்னாலை அத்தனை தரம் வரேலாது. நீங்கள் வாங்கோ.”

கெஞ்சவில்லை. இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வள்ளத்துக்குப் போய்விட்டார்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்த என் மேலதிகாரியிடம் அந்த வாரமே போனேன். மாதத்தில் ஒரு நாள் சின்னத்தீவுக்குப் போக அனுமதி கேட்டேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. சுற்றறிக்கைக்கு வெளியே ஒரு அடி வைத்தால் கடலில் விழுந்துவிடுவோம் என்று நம்பிய மனிதர்.

“தங்கச்சி, நீர் விளங்காமல் கதைக்கிறீர். கதிரை இல்லாத இடத்திலை வைத்தியம் செய்யேலாது. அங்கை கதிரை இல்லை. வேணுமெண்டவை வள்ளமேறி வருவினம். வராதவைக்குத் தேவையில்லை எண்டு அர்த்தம்.”

“தேவையில்லை எண்டில்லை சேர். வந்தால் அண்டைக்கு உலை வைக்கேலாது எண்டு அர்த்தம்.”

“அதுக்கு நான் என்ன செய்யிறது? உமக்கு வாய் நீளம்.”

வாய் பார்க்கிற உத்தியோகத்தில் இருப்பவளுக்கு வாய் நீளமாக இருப்பது நல்லதுதானே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அப்போது கேட்காமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது. வெளியே வரும்போது அவருடைய களஞ்சிய அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தூசுக்குள், மின்சாரம் இல்லாத காலத்துப் பல் குடையும் எந்திரம் ஒன்று நின்றது. தையல் மெசினைப் போலக் காலால் மிதிக்க வேண்டும். களஞ்சியப் பொறுப்பாளர் அண்ணையிடம் கேட்டேன். “இது கழிச்சு விட்ட சாமான். கழிச்ச சாமான் காணாமல் போனால் ஆரும் தேடமாட்டினம்” என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். நான் அதைச் சாக்கால் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றினேன்.

எனக்கு வருடத்துக்குக் கிடைக்கும் லீவு நாட்களை எண்ணிப் பார்த்தேன். மாதத்துக்கு ஒன்று தாராளமாக வரும். லீவில் நிற்பவள் எங்கே போகிறாள் என்று கேட்க எந்தச் சுற்றறிக்கையாலும் முடியாது.

கதிரைக்கு வழி அந்தத் தீவிலேயே கிடைத்தது. துறையடியில் ஒரு சலூன் இருந்தது. அங்கே மரக்கதிரை, தலை சாய்ப்பதற்கு ஏற்றி இறக்கக்கூடிய பலகையோடு. அரசாங்கம் எனக்குத் தந்ததைவிட நல்ல கதிரை. சலூன்கார அண்ணையிடம் ஒரு நாளைக்கு இரவல் தருவீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ரை கதிரையிலை இஞ்சத்தைச் சனம் பிள்ளையளை இருத்துங்களோ மிஸி?”

“தலைமயிர் வெட்ட இருத்தினம்தானே அண்ணை.”

“வீட்டுக்கு வந்து வெட்டு எண்டுவினம். கடைக்கு வாறது எல்லாரும் இல்லை.”

அப்படிச் சொன்னாலும் கதிரையைத் தர ஒத்துக்கொண்டார். தீவுப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியரும் பயந்தவர்தான், ஆனால் நல்லவர். பள்ளிக்கூட விறாந்தையைத் தந்துவிட்டு, “நான் உங்களைக் காணேல்லை” என்றார். அப்படி, சில மாதங்களுக்குப் பிறகு ஒரு புதன்கிழமை, மாட்டு வண்டிலில் சலூன் கதிரை வந்து இறங்க, கால்மிதி எந்திரத்துக்கு எண்ணெய் விட்டு, விறாந்தையில் கடை விரித்தேன். வந்தது ஒரே ஒரு குடும்பம். அந்தத் தாயும் இரண்டு பெண்களும். மற்றப் பிள்ளைகள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். பல்லு மிஸி வந்தால் பல்லுப் போகும் என்று ஊருக்குள் கதை. அந்தக் கதைக்கு மூத்தவளின் வாயே சாட்சி. யாரை நோவது?

“ஒருத்தரும் வரமாட்டினம் போலை கிடக்கு” என்றேன்.

“அடுத்த மாசம் வாங்கோ. வருவினம்” என்றார் அந்தத் தாய். “வாறதுக்கு முதல் நாள் எனக்குச் சொல்லி அனுப்புங்கோ. மா இடிக்கவேணும்.”

அடுத்த மாதம் அவருடைய வீட்டு வளவில் நான் கண்ட காட்சியை இப்போதும் நினைத்தால் சிரிப்பு வரும். தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், குசினிக்கு வெளியே அடுப்பு மூட்டிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகளை வரிசையாகப் பாயில் இருத்தியிருந்தார்கள். நான் கெடுத்த வேலை ஒன்றுதான். சர்க்கரை போடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பயறு, தேங்காய்ப்பூ, உப்பு. அவ்வளவுதான்.

“மிஸி, இது கொழுக்கட்டையோ, கசாயமோ?” என்று ஒருத்தி கேட்டாள்.

“பல்லைக் கூப்பிட்டுப்போட்டுப் பல்லுக்கு நஞ்சு குடுக்கிறதே?” என்றேன்.

“மிஸிக்குப் பயந்து பல்லு முளைக்காமல் விட்டாலும் விட்டிடும்” என்று இன்னொருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைத் துணியைப் பிடித்தார்கள். அந்தத் தாய் கொழுக்கட்டைச் சுளகோடு எழுந்து நின்று, கொட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையின் தாயையும் கிட்டக் கூப்பிட்டார். நான் அவருக்குச் செய்ததையே செய்தார். விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்து, பின்னால் தடவச் சொன்னார். “அம்பிடுதே? இது விழாமல் வந்த பல்லு. போனால் வராது.” நிரந்தரம் என்ற சொல் அங்கே எவர் வாயிலும் வரவில்லை. நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. கொழுக்கட்டை பொலபொலவென்று தலையில் விழ, பெரிய பிள்ளைகள் என்றபடியால் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். பிறகு அப்படியே அடுப்புச் சாம்பல் மணக்கும் சேலைகளோடு பள்ளிக்கூட விறாந்தைக்கு ஊர்வலம் வந்தார்கள்.

அன்று தோட்டத்துக்கு ஒருத்தியும் போகவில்லை.

தோட்டத்துச் சொந்தக்காரர் பத்து மணிக்கு வந்தார். தீவில் பாதி நிலம் அவருடையது. நான் இளையவளின் வாய்க்குள் குனிந்து எந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தேன். கீழ்ப்பல் ஒன்றில் ஊசிமுனை அளவு குழி விழத் தொடங்கியிருந்தது. அதைச் சுத்தமாக்கி அடைக்க வேண்டும். நடுவில் காலை எடுக்க முடியாது.

“மிஸி, இதென்ன கூத்து?” என்று அவர் கேட்டார். என்னைக் கேட்டாலும் பார்வை வரிசையில் இருந்தது. “பயிர் தண்ணியில்லாமல் நிக்குது. இதுகள் இஞ்சை புதுச் சடங்கு செய்யுதுகள். ஆர் கேட்டது?”

எந்திரச் சத்தத்துக்கு மேலே அந்தத் தாயின் குரல் வந்தது. “சடங்கு பழசுதான் ஐயா. பல்லுத்தான் புதுசு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் துணியவில்லை. அவருடைய தோட்டத்தில்தான் அந்தப் பெண்களின் அடுத்த நாள் இருந்தது. எனக்குப் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. அவர் மறுபடி என் பக்கம் திரும்பினார்.

“நீர் படிச்ச பிள்ளை. நல்ல குடும்பத்துப் பிள்ளை. சலூன் கதிரையைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்திலை வைச்சிருக்கிறீர். உவளை அக்கா எண்டு கூப்பிடுறீராம். என்ரை பேரனுக்கும் பல்லுக் குத்துதுதான். பின்னேரம் வீட்டை வந்து பாரும். அவனை உதிலை இருத்தேலாது.”

இளையவளின் பல்லில் அடைத்த வெள்ளிப் பசையை அழுத்தி முடித்து, அவளைத் துப்பச் சொல்லி, கையைத் துவாயில் துடைத்தேன். பிறகு சொன்னேன்.

“ஐயா, இந்தக் கதிரை இல்லாட்டில் என்னட்டை வேறை கதிரை இல்லை. பேரனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வரிசையிலை கடைசியா நிக்கிற பிள்ளைக்குப் பின்னாலை நிக்கலாம். குத்து கூடவெண்டால் முன்னாலை விடச்சொல்லி இந்தத் தாய்மாரைக் கேளுங்கோ. விடுவினம். வீட்டை வரமாட்டன்.”

“எழுதிப் போடுவன்” என்றார்.

“என்ரை மேலதிகாரியின்ரை விலாசம் தரட்டோ?”

அவர் எழுதிப் போட்டார். விலாசம் என்னிடம் கேட்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வாரத்தில் என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. லீவு நாளில், அனுமதி இல்லாத இடத்தில், கழித்துவிட்ட எந்திரத்தோடும் முறையற்ற கதிரையோடும் வைத்தியம் செய்ததற்குக் காரணம் கூறுக. நான் ஒரு முழுத்தாள் எழுதினேன், கிழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதில் மன்னிப்பு என்ற சொல் வந்துவிட்டது, அதையும் கிழித்தேன். கடைசியில் ஒரே ஒரு வசனம் போயிற்று: பிள்ளைகளின் பற்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தபடியால் நான் அந்தப் பக்கம் போனேன். அதற்கு மேலதிகாரியிடமிருந்து பதில் வரவேயில்லை. வேலை போகும் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். பிறகு, பதில் வராததையே அனுமதி என்று வைத்துக்கொண்டு மாதம் தவறாமல் போனேன்.

அந்தத் தாய்க்குத் தோட்டத்தில் ஒரு மாதம் வேலை கொடுக்கவில்லை. மற்றப் பெண்கள் தங்கள் கடகத்து ஓலையில் பாதியை அவருக்குக் கொடுத்து இழைக்கச் சொன்னார்களாம். புகையிலை வெட்டும் காலம் வந்ததும், ஆள் போதாமல் தோட்டத்துச் சொந்தக்காரரே சொல்லி அனுப்பினார். பேரனும் வந்தான். அவனுடைய தாய் ஒருநாள் ஒருவருக்கும் சொல்லாமல் பின்வேலியால் கூட்டிக்கொண்டு வந்தார். வரிசையில் நின்றார்கள். சலூன் கதிரையில் இருந்தான். ஒன்றும் ஆகவில்லை.

போக்குவரவு எப்போதும் சுலபமாக இருக்கவில்லை. சில மாதம் வள்ளம் ஓடாது. சில மாதம் துறையில் கடற்படையினர் பையைக் கவிழ்த்துக் கொட்டி, குறடுகளைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள். தெற்கில் படித்த சிங்களம் அப்போது உதவியது. பிள்ளைகளின் பல்லுக்கு என்று அவர்களுடைய மொழியிலேயே சத்தமாகச் சொல்லி, கொட்டியதை அவர்களையே பொறுக்கித் தரச் சொல்வேன். ஒருதரம் பொறுக்கியும் தந்தார்கள். இப்படியாக இளையவளின் நான்கு கடைவாய்ப்பற்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து முடித்தேன்.

தொண்ணூறில் சண்டையால் தீவுகள் வெறுமையாகின. சனம் கிடைத்த வள்ளத்தில் ஏறிக் குடாநாட்டுக்குள் வந்தது. ஆணி அடித்துப் பூட்டிய என் கதிரை அங்கேயே நின்றது. சலூன் கதிரைக்கு என்ன ஆனதென்று தெரியாது.

அடுத்த வருடம், இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் வாரத்துக்கு ஒருநாள் போய்வந்தேன். ஒரு வாங்கு, ஒரு கேத்தில் சுடுதண்ணீர், சில குறடுகள், விறைக்கப் போடும் மருந்து கொஞ்சம். அடைக்கிற மருந்து எதுவும் வடக்கே வரவில்லை. மின்சாரம் இல்லை. கால்மிதி எந்திரம் கடலுக்கு அந்தப் பக்கம். பிள்ளைகள் வலியோடு வந்தார்கள், நான் பிடுங்கினேன். வேறென்ன செய்வது என்று என்னை நானே கேட்டுக்கொண்டு பிடுங்கினேன். சில வாரங்களில் கேட்பதையும் விட்டுவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

ஒருநாள் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் வாங்கில் இருந்தான். கீழே கடைவாய்ப்பல்லில் குழி. ஆழமில்லை, சாப்பாடு சிக்கும்போது குத்துகிறது. அவனுடைய தாய் புதிய ஆள்.

“புடுங்கி விடுங்கோ மிஸி. ஒவ்வொரு நாளும் அழுறான். பால்ப்பல்லுத்தானே.”

நான் விறைக்கப் போடும் மருந்தைத் திறந்தேன். ஊசியை எடுத்தேன்.

“மிஸி, அதைக் கீழை வையுங்கோ.”

வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மெலிந்து கறுத்திருந்தார், எனக்கு ஒரு கணம் ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. அவருக்குப் பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். தாய் என்னைப் பார்க்கவேயில்லை. மூத்தவளின் நாடியைப் பிடித்து, அந்தப் புதிய தாயின் முகத்துக்கு நேரே வாயைத் திறக்கவைத்தார்.

“இஞ்சை பாரும். ஏழு வருசமா முளைக்கிற பல்லு இதுதான். வந்திட்டுதோ? நல்லாப் பாரும். இதையும் பால்ப்பல்லெண்டுதான் நான் புடுங்க விட்டனான்.” பிறகு இளையவளை இழுத்தார். “இதையும் பாரும். நாலும் நிக்குது. எங்களுக்கு வீடில்லை, வளவில்லை, இந்த நாலும் நிக்குது.”

அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள்தானே மிஸி எனக்குக் காட்டினது. நீங்களே மறந்தால் நாங்கள் என்ன செய்யிறது?”

“மருந்தில்லை அக்கா. அடைக்க ஒண்டுமில்லை.”

“ஒண்டுமே இல்லையோ? கொஞ்ச நாளைக்குத் தாக்குப்பிடிக்கிற மாதிரி ஒண்டும் இல்லையோ?”

இருந்தது. பயிற்சியில் முதல் மாதம் படித்தது. வெள்ளைத் துத்தநாகப் பொடியும் கராம்புத் தைலமும் குழைத்தால் ஒரு பசை வரும். சில மாதம் நிற்கும், விழுந்தால் திரும்ப வைக்கலாம். பொடி பட்டினத்து மருந்துக்கடையில் அப்போதும் கிடைத்தது. தைலத்துக்கு நாட்டுமருந்துக் கடை இருந்தது. நான் தேடவில்லை, அவ்வளவுதான். குறடு கையில் இருந்தது, தேடாமல் இருந்துவிட்டேன். ஊசியை வைத்துவிட்டு, குழியைப் பல் சுரண்டும் சின்னக் கரண்டியால் சுரண்டிச் சுத்தமாக்கி, பஞ்சை வைத்து, நாளைக்கு வருகிறேன் என்று அந்தச் சிறுவனின் தாயிடம் சொன்னேன். அடுத்த நாள் என் வேலை நாள் அல்ல. பொடியோடும் தைலத்தோடும் போய் அந்தப் பல்லை அடைத்தேன்.

அடுத்த வாரம் நான் போனபோது வாங்கின் முன்னால் ஒரு வரிசை இருக்கவில்லை, இரண்டு இருந்தன. அந்தத் தாய் விடியவே ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் விரல் வைத்துப் பார்த்து, விழும் பல்லில் நோவு உள்ளவர்களை ஒரு பக்கமும், விழாமல் முளைத்த பல்லில் நோவு உள்ளவர்களை மறுபக்கமும் பிரித்து நிறுத்தியிருந்தார். அந்த இரண்டாவது வரிசைக்குக் காவல் போலத் தானும் நின்றார், நான் குறட்டோடு அந்தப் பக்கம் வந்துவிடாமல். நான் இரண்டு வரிசையையும் தலையிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு வாயாகச் சரிபார்த்தேன். ஒரு பிள்ளைகூட மாறி நிற்கவில்லை.